அருக்காணியக்கா வேண்டாம்னு சொன்ன தள்ளுபடி

சுடுதண்ணி மட்டும் குடிச்சா இந்த இருமல் நிக்காதுங்க மேடம், காதை மூடிக்கோணும். கீழிருந்து இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு மாத்தலாகி வர்றவங்க எல்லாருமே ஏற்காட்டுல மொத மழைக்கு இப்படித்தான் இருமுவாங்க. இங்க குளிரு காது வழியாத்தான் ஏறும். ரெண்டு மிளகும் கொஞ்சம் சுக்கும் தட்டிப் போட்டுக் குடிங்க, நாளானைக்கு நின்னுரும். சரி, எழுதிக்கங்க. நான் எதையும் மறைக்கப் போறதில்ல.

என் பேரு கலா. வயசு நாப்பத்தி நாலு. ஊரு கிளியூருங்க, அருவிக்குப் போற வழியில இருக்குது ஊடு. எங்க தாத்தா காலத்துல ஆத்தூர்ப் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு மலை ஏறி வந்தவங்க நாங்க. எங்க ஊட்டு வரிசையில பத்தாவது பாஸ் பண்ணுன பொம்பள நான் ஒருத்திதான். அதனாலதான் கடன் கம்பெனிக்காரங்க வந்து மகளிர் குழு ஆரம்பிச்சப்ப என்னைத் தலைவியாப் போட்டாங்க. பத்துப் பேரு குழுவுல. செவ்வாய்க்கெழம காலையில ஏழு மணிக்கு என்ற ஊட்டு வாசல்ல உக்காருவோம். தவணை வாங்கறதுக்கு விக்னேஷ்னு ஒரு தம்பி பைக்ல வருவாரு.

அந்தக் கடனுக்கு ஈடுன்னு ஒண்ணும் கேக்க மாட்டாங்க மேடம். பத்துப் பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன், அவ்வளவுதான். ஒருத்தி கட்டலைன்னா மத்த ஒம்பது பேரும் போட்டுக் கட்டோணும். கட்டி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிச்சு வேலைக்குப் போகக் கூடாது. எஸ்டேட்ல பேரு குடுக்கற நேரம் தாண்டிப் போயிட்டிருக்கும், எல்லாரும் அந்த ஒருத்தி மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. மானம்தானுங்க ஈடு. நகையை விட அது நல்ல ஈடு. நகைன்னா ஏலம் போட ஆளு தேடோணும்.

ஏழு வருசத்துல என்ற குழுவுல ஒரு செவ்வாய்க்கெழமகூட பாக்கி நின்னதில்ல. மஞ்சக்குட்டையில மூணு குழு கலைஞ்சு போச்சு. எங்குளுது நின்னுது. அது எப்படி நின்னுதுன்னுதான் நீங்க கேக்கறீங்க.

எங்க சனங்க கடனை எப்படி வாங்கறாங்க, எப்படிச் செலவு பண்றாங்கன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோணும் நீங்க. பாரத்துல என்னத்துக்குக் கடன்னு ஒரு கட்டம் இருக்கும். எல்லாருக்கும் நான்தான் 'கறவை மாடு'ன்னு எழுதிக் குடுப்பேன். ஏழு வருசத்துல மாடுன்னு எழுதி வாங்குன கடன்ல எங்க ஊருக்குள்ள வந்தது ரெண்டே மாடுங்க. மத்ததெல்லாம் காதுகுத்து, கெடா வெட்டு, மாமன் சீரு. வயித்துக்குக் கடன் வாங்க வெக்கப்படுவாங்க, சீருக்கு வாங்க வெக்கப்பட மாட்டாங்க. அதே மாதிரி, வாங்குனதை அடைக்காம இருக்கவும் மாட்டாங்க. பேங்குக்காரன் பயந்துக்கற சனமில்லீங்க இது. கணக்குத்தான் கேக்கத் தெரியாது. கேட்டா நம்பிக்கையில்லாம கேக்கறதா ஆயிரும்னு கேக்க மாட்டாங்க.

அருக்காணியக்காவும் அப்படித்தான். எனக்கு எட்டு வயசு மூத்தவங்க. எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கிறவங்க. அவங்க ஊட்டுக்காரரு மாதேஸ்வரன், நாங்க மாதேசண்ணன்னு கூப்புடுவோம், மிளகு பறிக்கிறதுல கெட்டிக்காரரு. ஒரே புள்ள, கனகா. மாதேசண்ணனுக்கு ஒரு தங்கச்சி ஆத்தூர்ல இருக்குது. தங்கச்சி மக வயசுக்கு வந்துட்டா. நீங்க தெக்கத்திப் பக்கம், உங்களுக்கு எப்படின்னு தெரியல. எங்க பக்கம் தெரட்டிச் சீருன்னா தாய்மாமன் கை நெறையக் கொண்டுக்கிட்டுப் போகோணும். இல்லைன்னா அந்தப் புள்ளையோட அம்மா ஆயுசுக்கும் மாமியா ஊட்டுல தலை நிமுர முடியாது. அதுக்கு அம்பதாயிரம் கடன். வாரம் அறுநூறு, நூத்தி நாலு வாரம். அக்கா பேர்ல வாங்குனது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கையெழுத்து.

இருவது வாரம் ஒழுங்காக் கட்டுனாங்க. மாசி மாசம், மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்துல ஏணி போட்டு ஏறுன அண்ணன் தவறி விழுந்துட்டாரு. சேலத்துக்குக் கொண்டு போற வழியிலயே, பாதி வளைவு எறங்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. சாவு வேலை அத்தனையும் நான் நின்னு பாத்தேன் மேடம். ஊருல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இப்ப நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். மாதேசண்ணன் போன பொறவு தள்ளுபடி இருக்குதுன்னு நான் அருக்காணியக்காகிட்டச் சொன்னனா இல்லையா? சொன்னேன். ஆறு பேரு சாட்சி. மூணு மாசம் கழிச்சு, வைகாசியில ஒரு செவ்வாய்க்கெழம, விக்னேஷ் தம்பி வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி எல்லாரும் உக்காந்திருக்கறப்பச் சொன்னேன்.

"அக்கா, அண்ணன் தவறிட்டதால கம்பெனியில தள்ளுபடி கேக்கலாமுங்க. இல்லாதவங்க, நாதியத்தவங்கன்னு மனு எழுதிக் குடுத்தா பாவம் பாத்து விட்டுருவாங்க. எழுதிக் குடுக்கட்டுங்களா?"

அருக்காணியக்கா முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டாங்க. அப்பறம் கேட்டாங்க, "அந்தக் கடன் எதுக்கு வாங்குனது அம்மிணி?"

"சீருக்குங்க."

"மாமன் சீருக்கு வாங்குனதப் போயி நாதியத்தவன்னு எழுதித் தள்ளச் சொன்னா, வெச்ச சீரு பிச்சக் காசாப் போயிராதா? நாளைக்கு அந்தப் புள்ள கட்டிக்கிட்டுப் போற ஊட்டுல சொல்லிக் காட்டுவாங்க. கடன் வெச்சுட்டுப் போனாருன்னு எவனும் அவரைச் சொல்லக் கூடாது. வேண்டாம். நான் கட்டறேன்."

பூவாயின்னு எங்க குழுவுல ஒரு அம்மா, அவங்க கண்ணத் தொடச்சுக்கிட்டு, "பொம்பளைன்னா இவ பொம்பள"ன்னாங்க. எல்லாரும் ஆமான்னாங்க. நானும்தான் சொன்னேன். அந்த வாரமே கட்ட ஆரம்பிச்சாங்க அக்கா. அவங்களா கட்டுனாங்க மேடம். யாரும் கையைப் புடிச்சு வாங்கல.

இன்சூரன்சா? ஆமாங்க, இருந்துது. கடன் குடுக்கறப்பவே ரெண்டு பேருக்கும் சேத்து எண்ணூறு ரூவா புடிச்சிருவாங்க. ரெண்டு பேருல யாரு போனாலும் மீதிக் கடன் அதுல அடைஞ்சுரும். மனு வேண்டியதில்ல, பாவம் பாக்க வேண்டியதில்ல. சாவுச் சான்றிதழ் மட்டும் போதும். அதை விக்னேஷ் தம்பிகிட்ட நான்தான் குடுத்தேன். அது பாஸாகற வரைக்கும் மூணு மாசம் அக்கா தவணையைக் கம்பெனி நிறுத்தி வெச்சுது, துக்கத்துக்கு விட்ட தவணைன்னு அக்கா நெனச்சுக்கிட்டாங்க. அப்பறம் பாஸாகி, கடன் முடிஞ்சுதுன்னு கடிதாசி வந்துது. அக்கா எஸ்டேட்டுக்குப் போயிருந்தாங்க, அதனால தம்பி எங்கிட்டக் குடுத்து, குடுத்துருங்கக்கான்னு சொல்லிட்டுப் போனாரு. நான் தள்ளுபடின்னு பேசுன செவ்வாய்க்கெழம அந்தக் கடிதாசி என்ற பீரோவுல இருந்துது. நாலு நாளா இருந்துது.

சேலத்துல ஒரு ஓட்டல் மாடியில மூணு நாளு எங்களுக்கு நிதிப் பாடம் எடுத்தாங்க மேடம், தலைவிங்களுக்கு மட்டும். மத்தியானம் பிரியாணி போட்டாங்க. அங்க பாடம் எடுத்த அம்மா எங்களை எந்திரிச்சு நிக்க வெச்சு மூணு தடவ சொல்லச் சொன்னாங்க: இன்சூரன்ஸ் உரிமை, இனாம் இல்ல. சத்தமாச் சொன்னேன், சர்ட்டிபிகேட்டும் வாங்குனேன். அதனால எனக்குத் தெரியாம அந்த வார்த்தை வாயில வந்துருச்சுன்னு சொல்ல மாட்டேன். தனியாக் கூப்புட்டு, அக்கா நீங்க கட்டுன காசுல வந்த இன்சூரன்சுன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பாங்க. நாலு பேரு முன்னாடி இல்லாதவங்கன்னு சொன்னா வேண்டாம்பாங்க. ரெண்டும் எனக்குத் தெரியும். பாடம் அவங்க சொல்லிக் குடுத்தாங்க, எங்க சனத்தை நானாப் படிச்சது.

அப்பப் பாருங்க, என்ற நெலமையையும் நீங்க யோசிக்கோணும். குழுவுல அமலி, சரண்யான்னு ரெண்டு பேரு புருஷனோட திருப்பூருக்குப் போயிட்டாங்க, ராத்திரியோட ராத்திரியா ஊட்டைப் பூட்டிக்கிட்டு. வாரம் ஆயிரத்தி எரநூறு ஓட்டை. மத்தவங்ககிட்ட ஆளுக்கு எரநூறு சேத்துப் போடுங்கன்னா அடுத்த வாரமே குழு கலைஞ்சு போயிரும். பாதிய நான் போட்டேன். மீதிப் பாதிக்கு அக்காவோட அறுநூறு. கம்பெனி அட்டை மாத்திட்டாங்க, இனிமே என்ற நோட்டுலதான் வரவு வெக்கோணும்னேன். காலையில வேலைக்கு நேரமாகுது, திங்கக்கெழம பொழுதோட குடுத்துருங்கன்னேன். செவ்வாய்க்கெழம அவங்க வந்தா விக்னேஷ் தம்பி ஏன் வந்தீங்கன்னு கேப்பாரில்ல. அக்காவுக்கு அது சௌகரியமாத்தான் இருந்துது. ஒரு பைசா நான் தின்னதில்ல மேடம். ஆறு பொம்பளைங்க ஊட்டுல அடுப்பெரிஞ்சுது அந்தக் காசுல.

குழு சுத்தமா இருந்ததால எனக்குத் தனியா மூணு லட்சம் கடன் குடுத்தாங்க. அதுல ஊட்டு மேல ரெண்டு ரூம் கட்டி டூரிஸ்டுங்களுக்கு விடறேன். அது வேற விசயம். தனக்குப் போகத்தானுங்க தானமும் தருமமும்.

நாப்பத்தெட்டு வாரம் கட்டுனாங்க. மழைன்னாலும் நிக்காது, காச்சல்னாலும் நிக்காது. ஒரு தடவ மட்டும் எம்பது ரூவா கொறஞ்சுது, அதுக்கு ரெண்டு கோழி முட்டை கொண்டாந்து வெச்சுட்டு, தப்பா எடுத்துக்காத அம்மிணின்னு போனாங்க. புதன்கெழம அந்த எம்பதும் வந்துருச்சு.

அடுத்த வருசம் கனகா பன்னெண்டாவது பாஸ் பண்ணுனா. நல்ல மார்க்கு. சேலத்துல நர்சிங் சீட்டு கெடச்சுது, மொதத் தவணை இருவத்தஞ்சாயிரம் கட்டோணும். அதே சமயத்துலதான் எஸ்டேட்ல இருந்து மாதேசண்ணன் சாவுக்கு இருவத்தஞ்சாயிரம் குடுத்தாங்க. சாமியே கணக்குப் பாத்துக் குடுத்த மாதிரின்னு ஊரெல்லாம் சொன்னாங்க. அக்கா அந்தப் பணத்தை மஞ்சப் பையில போட்டு, புள்ளையையும் கூட்டிக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தாங்க.

"நீதான் படிச்சவ அம்மிணி, சேலம் போயி பாடம் கேட்டவ. இதைப் புள்ளைக்குக் கட்டறதா, அவரு கடனுக்குக் கட்டறதா? எனக்கு ஒண்ணும் ஓடல. நீ சொன்னாச் சரி."

அந்த எடத்துல நான் சும்மா இருந்திருக்கலாம் மேடம். புள்ளைக்குக் கட்டுங்கக்கா, கடன் பாட்டுக்கு வாராவாரம் போகட்டும்னு சொல்லியிருந்தாக்கூட யாருக்கும் நட்டமில்ல, எனக்கும் அறுநூறு வந்துட்டே இருந்திருக்கும். ஆனா அன்னிக்கு மேல் ரூமுக்கு டைல்ஸ்காரன் முன்பணம் கேட்டுட்டுப் போயிருந்தான். நான் சொன்னேன், "படிப்பு எங்கீங்கக்கா ஓடிப் போவுது? அடுத்த வருசம் சேத்திக்கலாம். அண்ணனுக்கு மொதத் திதி போயிருச்சு. ரெண்டாவது திதிக்குள்ளயாவது அவர கடன்ல இருந்து எறக்கி விட்டுருங்க."

கனகா என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. அக்கா பையை அவுத்தாங்க.

மீதி முப்பத்தாறு வாரம், இருவத்தோராயிரத்தி அறுநூறு. முன்னாடியே முடிச்சா வட்டி கொறையோணும், அதுதானுங்க நியாயம். அதனால இருவதாயிரம் போதும்னு சொல்லி ஆயிரத்தி அறுநூறு கொறச்சேன். அக்கா என்ற ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதாங்க. மிச்சம் அஞ்சாயிரத்துக்குக் காலேஜ்ல சேத்திக்கல. கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலைன்னு சொல்லுவாங்க. கனகா கீழ ஒரு நூல் மில்லுக்குப் போயிட்டா. அங்கயே ஆஸ்டல், பாதி நாளு ராத்திரி ஷிப்டு. அடுத்த வருசம் சேத்தலாம்னு நான் சொன்னது பொய்யில்ல மேடம், அடுத்த வருசமும் பணம் சேரல, அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல ஒண்ணு சொல்லோணும், நீங்க கேக்கலைன்னாலும். அந்த ஆயிரத்தி அறுநூறு கொறச்சதுக்கு அக்கா என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? ரூம் கட்டி முடிச்ச மொத ஞாயித்துக்கெழம வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. "நீ செஞ்ச ஒதவிக்கு நான் வேற என்ன பண்ணப் போறேன்"னு ரெண்டு ரூமையும் கூட்டித் தொடச்சு, பாத்ரூம் கழுவி, போர்வை மாத்திட்டுப் போனாங்க. வேண்டாமுங்கக்கான்னு ஒரு தடவ சொன்னேன். கேக்கல. கூலின்னு பேச்செடுத்தா மொகம் வாடிப் போயிரும். அதனால பேச்செடுக்கறதை விட்டுட்டேன். ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம, சீசன்ல தெனமும் பொழுதோட வேலை முடிச்சுட்டு வருவாங்க.

போன மாசம் கனகா மில்லுல கணக்கு வாங்கிக்கிட்டு வந்துட்டா. எப்படியும் நர்சிங் படிக்கோணும்னு பேங்குல கல்விக் கடன் கேட்டிருக்கறா. அங்க அம்மா பேர்ல பழைய கடன் ஏதாச்சும் நிக்குதான்னு கம்ப்யூட்டர்ல பாத்திருக்காங்க. நிக்கல. முடிஞ்சிருக்குது. ஆனா அக்கா முடிச்ச தேதியில இல்ல. ஒரு வருசத்துக்கு முந்துன வைகாசியிலயே, இன்சூரன்ஸ்ல. அதைக் காகிதத்துல போட்டு வாங்கிக்கிட்டு வந்து எங்கிட்ட நீட்டுனா. சத்தம் போடல. "அன்னிக்கு உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன் சித்தி. ஒண்ணுமே தெரியல"ன்னா. அப்பறம் நேரா இங்க வந்து மனு எழுதிக் குடுத்துட்டா. எழுத்து நல்லா இருக்குதில்லீங்களா? கெட்டிக்காரப் புள்ள.

பத்துப் பேருல ஏன் அருக்காணின்னு கேக்கறீங்க. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்த ஆத்தூர் சீருக்கு எங்க வரிசையில இருந்து ரெண்டு ஜீப்புல போனோம். நானும் ஒரு தட்டு சொமந்தேன். இருவத்தோரு தட்டு மேடம். மேளத்தோட முன்னாடி மாதேசண்ணன் வேட்டி தழையத் தழைய நடந்தாரு. வாசல்ல அந்தத் தங்கச்சி நின்னுட்டு அழுவுது, சிரிக்குது. என்ற மக தெரட்டிக்கு எங்கண்ணன் சேலத்துல இருந்து வரவே இல்ல. நானே கடன் வாங்கி, தட்டு வாடகைக்கு எடுத்து, அண்ணன் காரு கெட்டுப் போச்சு, சீரு மட்டும் அனுப்பி வெச்சுட்டாருன்னு சொல்லி வெச்சேன். எல்லாரும் நம்புனாங்களா இல்லையான்னு இன்னும் தெரியல. அந்தக் கடனை நான் ஒத்தையாக் கட்டுனேன். ஒருத்தரும் எனக்குத் தள்ளுபடி பண்ணல. அந்தக் கடிதாசிய வாங்கறப்ப எனக்கு அந்த இருவத்தோரு தட்டுத்தான் ஞாபகம் வந்துது. இவங்களுக்கு மட்டும் சீரும் கெடச்சு, கடனும் போயிருமான்னு தோணுச்சு. வயித்தெரிச்சல்தானுங்க. எழுதிக்கங்க.

கனகா மனு குடுத்த அன்னிக்குப் பொழுதோட அக்கா வந்தாங்க. கத்துவாங்கன்னு பாத்தேன். எப்பவும் போல கீழதான் உக்காந்தாங்க.

"அப்ப அவரு கடனோட போகலியா அம்மிணி?"

"இல்லீங்கக்கா. அவரு போன மூணாம் மாசமே முடிஞ்சுருச்சு."

"யாரும் பாவம் பாத்துத் தள்ளலியே?"

"இல்லீங்க. நீங்க கட்டுன இன்சூரன்ஸ்தான்."

அதைக் கேட்டு அவங்களுக்கு மொகம் தெளிஞ்சுது மேடம். நான் பாத்தேன். அப்பறம், "நான் கட்டுனது எங்க போச்சு?"ன்னாங்க. பாதி திருப்பூர்க்காரிங்களுக்கு, பாதி மேல ரூமுக்குன்னு சொன்னேன். மேல அண்ணாந்து பாத்தாங்க. முந்தானையில முடிஞ்சிருந்த ரூம் சாவி ரெண்டையும் அவுத்துக் கீழ வெச்சாங்க. "எம்புள்ள ராத்திரி ஷிப்டுல நின்னப்பவெல்லாம் நான் உன்ற கக்கூசைக் கழுவிட்டு இருந்திருக்கறேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. திட்டல. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆமாங்க, அத்தனையும் நான் தெரிஞ்சு பண்ணுனதுதான். கையெழுத்து எங்க போடோணும்? நாப்பத்தெட்டாயிரத்தி எண்ணூறு, நூத்துக்கு இருவத்தி நாலு வட்டி போட்டு பைசா பாக்கியில்லாமத் திருப்பிக் குடுத்தர்றேன், நேத்தே கணக்குப் போட்டு வெச்சுட்டேன். மனுவை மட்டும் கனகாவைத் திருப்பி வாங்கிக்கச் சொல்லுங்க. நான் உள்ள போயிட்டா குழு கலைஞ்சு போயிரும், பாவம் ஆறு பொம்பளைங்க. அப்பறம் அருக்காணியக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும் மேடம், நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க. கோடை விழா வருது, ரெண்டு ரூமும் மே மாசம் பூரா புக் ஆயிருக்குது. அவங்களாட்டம் சுத்தமாக் கூட்ட வேற ஆளு இல்ல. வரச் சொல்லுங்க, இனிமே கூலி குடுத்தர்றேன்.